கவலையும் உடற்காவலும்

உடலும் உள்ளமும் ஓரில்லில் வாழ்வார் இருவரை ஒப்பன. ஒருவர் துயருற்றுக் கண்விழித்திருக்க மற்றவர் இனிது துயிலுதல் இயலாது. இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு நம் மொழியே சான்றாகும். 'நோய்' என்னும் சொல் இந்நாளில் காய்ச்சல், இருமல் முதலிய உடற்பிணிகளையே பெரிதும் குறிக்கின்றது. பழைய நூல்களிலோ உள்ளத்துன்பத்திற்கும் அதுவே பெயர். தலைவனைப் பிரிந்த தலைவியின் ஆற்றாமையும் நோய் எனப்பட்டது. அந்நோய் அவள் மேனியிற் பசலையாய்ப் படர்ந்தது எனவும், அதனால் தோள் மெலிந்து வளை கழன்றது எனவும் அகத்திணைப் புலவர் பாடினர். அதனைக் கவிமரபு எனக் கொண்டு, தேர்வுக்கு வேண்டும் அளவு நெட்டுருச் செய்து, நாம் அப்பாற் சென்றுவிடுகின்றோம். ஆயின் உள்ளத்தின் துயர் உடலினுட் புகுந்து அதன் காவலையே தளர்விக்கும் என்பதை ஆய்வாளர் அளவிட்டுக் காட்டியிருக்கும் காலம் இது. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்தல் மாணவராகிய நமக்குப் பயனுடைத்தாம்.

இதுபற்றி நம்மிடையே இருவகைக் கொள்கையினர் உளர். கவலை என்பது மனத்தளவில் நிற்கும் ஒரு பலவீனம், அதனால் உடம்பு கெடும் என்பது சோம்பேறிகள் கூறும் சாக்கு என்பார் ஒரு சாரார். எல்லா நோய்க்கும் மனமே காரணம், மனத்தைத் திடப்படுத்தினவனை எந்நோயும் அணுகாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பிழை என்பதும், இரண்டும் ஈற்றில் துன்புறுவோனையே குற்றவாளியாக்கும் என்பதும் யாம் கொண்ட கருத்து. கவலையுற்றார்க்கு அறிவுரை கூறுவாரினும் அவர்தம் சுமையிற் பங்கு கொள்வாரே வேண்டப்படுவர் என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண், உடற்காவல் என்பது யாது எனக் காண்போம். எயில் காக்கும் நொச்சி மறவரைப் பற்றி நாம் படித்துள்ளோம். நம் உடலும் அத்தகைய அரணும் மறவரும் உடையது. தோலும், மூக்கு, தொண்டை முதலியவற்றின் உட்புறத்தை மூடிய சளிப்படலமும் புறமதில்கள். மதில் கடந்து புகும் கிருமியைக் குருதியில் திரியும் வெள்ளணுக்கள் எதிர்க்கின்றன. இவற்றுள், வந்தவன் யாவன் என்று ஆராயாது, அயலான் எனக் கண்ட அளவிலே பாய்வன சில. பகைவனை நன்கு அடையாளம் கண்டு, அவனுக்கே பொருந்திய படைக்கலத்தை வடித்து, பின்னொருநாள் அவன் மீண்டு வரின் நினைவிற்கொண்டு எதிர்ப்பன சில. அப்படைக்கலத்தை எதிர்ப்பொருள் என்பர். தடுப்பூசியின் பயனும் இந்நினைவாற்றலைப் பற்றியதே. இக்காவற்படை முழுவதும் மனத்தோடு தொடர்பின்றித் தன் போக்கிலே இயங்குவது என்றே மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தை அசைத்தோருள் ஒருவர் ஹான்ஸ் செல்யே என்பார். வியன்னாவிற் பிறந்து, கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இவர், 1936-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தும், அளவுக்கு மிஞ்சி உழைக்கச் செய்தும், காயப்படுத்தியும், நச்சு மருந்துகளைச் செலுத்தியும் அவர் ஆராய்ந்தார். துன்பங்கள் வேறு வேறாயினும் விளைவு ஒன்றாகவே இருந்தது. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கின. இரைப்பையிற் புண் உண்டாயிற்று. தைமஸ் சுரப்பியின் தொழில் யாது என்பது அந்நாளில் விளங்கவில்லை. காவற்படையின் ஒரு பெரும் பிரிவு பயிற்சி பெறும் பாசறை அதுவே என்பது 1961-இல் ஜாக் மில்லர் என்பார் செய்த ஆய்வுக்குப் பின்னரே தெளிவாகத் தொடங்கிற்று. துன்புற்ற உடல் தன் படைப்பாசறையையே சுருக்கிக்கொள்கின்றது என்னும் செய்தியின் பொருள் கால் நூற்றாண்டு கழித்தே உலகிற்குப் புலனாயிற்று.

எலிகளின் துன்பம் உடலைத் தாக்கிய துன்பமே அன்றோ, உள்ளத்திற்கும் இதற்கும் என்னை தொடர்பு என வினவலாம். இவ்வினாவிற்கு எதிர்பாராத வகையில் விடை தந்தோர் அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில் இருந்த ராபர்ட் ஏடர், நிக்கலஸ் கோஹென் என்னும் இருவர். இவர்கள் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புநீரைப் பருகக் கொடுத்து, உடனே காவலாற்றலைக் குறைக்கும் மருந்தொன்றையும் ஊசிவழிச் செலுத்தினர். பின்னர், மருந்தை நீக்கி இனிப்புநீரை மட்டும் கொடுத்தனர். அப்பொழுதும் அவ்வெலிகளின் குருதியில் எதிர்ப்பொருள் குறைந்தே காணப்பட்டது! சுவையின் நினைவொன்றே மருந்தின் வேலையைச் செய்துவிட்டது. இச்செய்தி வெளியான ஆண்டு 1975. மண்ணீரல் முதலிய உறுப்புகளில் நரம்பிழைகள் வெள்ளணுக்களின் அருகே சென்று முடிதலையும் பின்வந்தோர் நுண்பெருக்கியிற் கண்டனர். மூளைக்கும் காவற்படைக்கும் தூது செல்லும் வழி ஒன்று உண்டு என்பது இவற்றால் உறுதியாயிற்று.

இனி, அத்தூது எங்ஙனம் செல்கின்றது என்பதை நோக்குவோம். வழியிற் செல்லும்போது நாய் ஒன்று நம்மைத் துரத்துவதாகக் கொள்வோம். நொடிப்பொழுதில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியிற் கலக்கின்றது. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, தசைகள் முறுக்கேறுகின்றன. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்ட்டர் கேனன் 1915-இல் விரித்துரைத்தார். அந்நேரத்தில் வெள்ளணுக்களிற் பலவும் தம் இருப்பிடங்களினின்று குருதியோட்டத்தில் இறங்குகின்றன. கடிபட்டுக் காயம் உண்டாயின் உடனே சென்று காக்கவேண்டும் அன்றோ? ஆகவே சிறுபொழுது நிற்கும் அச்சம் காவலைக் கெடுப்பதில்லை. அதனை முடுக்கியே விடுகின்றது.

ஆயின் நாய் போனபின்னும் துரத்தலே நில்லாதிருப்பின் என் செய்வது? செலுத்தவேண்டிய கட்டணமும், தீராக் கடனும், இல்லத்தில் நெடுநாட் படுக்கையில் கிடப்பவரும், ஓயாத பூசலும் அத்தகையன. இந்நிலையில் மூளையின் ஆணையால் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் மற்றொரு நீரை மீண்டும் மீண்டும் சுரக்கின்றது. படையின் சீற்றத்தை அடக்கி, 'போதும், அமைக' என்று கட்டளையிடும் தலைவனை இது போல்வது. நாடோறும் கேட்கும் கட்டளையால் படையில் ஒரு பகுதி சோர்கின்றது. மற்றொரு பகுதியோ கேட்டுக் கேட்டுச் செவிடாகி, அடங்கவேண்டிய இடத்தில் அடங்காது தன் நாட்டையே பாழ்செய்கின்றது. பகைவன் வரும்போது சோர்வும், பகைவன் போனபின் அடங்காச் சினமுமாகிய இவ்விருவகைக் கேடும் நெடுங்கவலையின் விளைவு. 30 ஆண்டுகளில் நிகழ்ந்த ஏறத்தாழ 300 ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கிய செகர்ஸ்ட்ராம், மில்லர் என்னும் இருவரும், குறுகிய நெருக்கடி உடனெதிர்க்கும் ஆற்றலை உயர்த்துதலையும், நீடித்த நெருக்கடி காவலின் பல பகுதிகளையும் தாழ்த்துதலையும் 2004-இல் எடுத்துக்காட்டினர்.

சுரப்புநீர் கூடுவதும் வெள்ளணு குறைவதும் கருவியில் தோன்றும் எண்கள் தாமே. அதனால் மனிதன் உண்மையில் நோயுறுகின்றானா என்பதே நாம் அறியவேண்டுவது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரின் அருகே, தடிமன் என்னும் எளிய நோயை ஆராய்தற்கென்றே 1946-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. தாமே முன்வந்தோர் அங்குத் தனித்தங்கி, மூக்கில் நோய்க்கிருமி கலந்த துளிகளை ஏற்றுக்கொள்வர். ஷெல்டன் கோஹென் என்னும் உளநூலாரும் அவர் துணைவரும் இந்நிலையத்தில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. 394 பேருக்குத் தடிமன் முதலியன விளைக்கும் ஐவகை வைரஸ்களுள் ஒன்று கொடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஒவ்வொருவருடைய கவலையின் அளவும் வினாக்களால் அறியப்பட்டது. எல்லார்க்கும் கிருமி புகுந்த வழி ஒன்றே. ஆயினும் கவலை மிகக் குறைந்தோருள் 100-க்கு ஏறத்தாழ 27 பேரும், மிக நிறைந்தோருள் 100-க்கு ஏறத்தாழ 47 பேரும் தடிமனுற்றனர். கவலை படிப்படியாக உயர நோயும் படிப்படியாக உயர்ந்தது. புகைபிடித்தல், உறக்கம், உணவு முதலியவற்றின் வேறுபாட்டைக் கணக்கிற்கொண்டு கழித்த பின்னும் இத்தொடர்பு நீங்கவில்லை.

நம்மையொத்த மாணவரிடமிருந்தே பெற்ற சான்றும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் அம்மையாரும் அவர் கணவர் ரொனால்டு கிளேசரும் பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்தனர். பல் மருத்துவம் பயிலும் மாணவர் 11 பேர், தம் வாயின் மேலண்ணத்தில் சிறுகாயம் ஒன்று உண்டாக்க இசைந்தனர். ஒருமுறை கோடை விடுமுறையிலும், மறுமுறை தேர்வுக்கு மூன்று நாள் முன்னும் அது செய்யப்பட்டது. தேர்வுக்காலத்துக் காயம் ஆறுதற்குச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாயிற்று. அஃதாவது 100-க்கு 40 பங்கு மிகுதி. விடுமுறையில் ஆறிய விரைவில் தேர்வுக்காலத்தில் ஆறியவர் அப்பதினொருவருள் ஒருவரும் இலர். இவ்வாய்வு வெளியானது 1998-இல். தேர்வறையில் எழுதுவது கைதான். அத்தேர்வின் சுமையை அண்ணத்துச் சிறுகாயமும் சுமந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது.

இதனினும் நெஞ்சை உருக்குவது அவ்விருவர் குழுவினர் 1995-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு. நினைவாற்றல் அழிந்த முதியோரை இல்லத்திலே பேணிவந்த மகளிர் 13 பேரையும், வயதிலும் வருவாயிலும் அவரை ஒத்து, அச்சுமை இல்லாத மகளிர் 13 பேரையும் அவர்கள் தெரிந்துகொண்டனர். இரு சாரார் கையிலும் ஒரே அளவான சிறுகாயம் உண்டாக்கப்பட்டது. சுமை இல்லாதார்க்கு அது 39 நாளில் ஆறிற்று. பேணும் மகளிர்க்கோ 48 நாளுக்கு மேலாயிற்று. பின்னர்ச் செய்த வேறோர் ஆய்வில், இத்தகையோர் இன்ஃபுளூயென்சாத் தடுப்பூசி இட்டுக்கொண்டபோதும் மற்றவரைப்போல எதிர்ப்பொருள் வடிக்கவில்லை என்பது தெரிந்தது. அன்பினால் செய்யும் பணியாயினும், ஒருவரே இடைவிடாது செய்யுங்கால் அவருடைய குருதியும் தசையும் அதற்கு விலை கொடுக்கின்றன.

நிற்க. இத்துணைச் சான்று கண்டபின் மறுகோடிக்கு ஓடிவிடுதலும் தகாது. கிருமியின்றிக் கவலை மட்டும் தடிமனை உண்டாக்குவதில்லை. சாலிஸ்பரியில் 26 பேருக்குக் கிருமியில்லாத உப்புநீர்த் துளிகளே கொடுக்கப்பட்டன என்பதும், கவலை மிகுந்தோருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் தடிமனுறவில்லை என்பதும் மறத்தற்குரியன அல்ல. இரைப்பைப் புண்ணின் வரலாறு நமக்கு நல்லதோர் எச்சரிக்கை. அது கவலையால் வருவது என்றே நெடுநாள் மருத்துவரும் மற்றவரும் நம்பியிருந்தனர். ஆஸ்திரேலிய நாட்டு ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர் ஹெலிகோபாக்டர் என்னும் பாக்டீரியாவே அதற்குப் பெருங்காரணம் என 1980-களில் நிறுவி, 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். அதற்குமுன் எத்தனை நோயாளிகள், மருந்து பெறவேண்டிய இடத்தில் 'மனத்தை அடக்கு' என்னும் உபதேசம் பெற்றுத் திரும்பியிருப்பர்! புற்றுநோய் பற்றியும் இவ்வாறே பேசுவார் உளர். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 1,16,000-க்கு மேற்பட்டோரை நோக்கி 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, தொழிலிடத்து நெருக்கடிக்கும் குடல், நுரையீரல், மார்பகம் முதலிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆதலின் நோயுற்றானை அணுகி, 'நீ கவலைப்பட்டதால் வந்த வினை இது' எனல் அறிவும் அன்று, அன்பும் அன்று.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? கவலையுற்றாரைக் கண்டால் நம் நாவில் முதலில் எழுவது 'கவலைப்படாதே' என்னும் சொல். அதனைச் சொல்வோர்க்குச் செலவு ஒன்றுமில்லை. கேட்போர்க்கோ பயன் ஒன்றுமில்லை. கவலையோடு, கவலையை விட இயலவில்லையே என்னும் நாணமும் கூடுகின்றது. ஆய்வுகள் காட்டும் வழி வேறு. கோஹென் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு திங்களுக்குள் தீர்ந்த நெருக்கடிகள் தடிமனை மிகுவிக்கவில்லை. ஒரு திங்களுக்கு மேல் நீடித்தனவே மிகுவித்தன. அவற்றுள்ளும் முதன்மையானவை இரண்டு: ஒன்று தக்க வேலையின்மை, மற்றொன்று சுற்றத்தாரோடும் நண்பரோடும் நீண்ட மனப்பிணக்கு. இவ்விரண்டில் எதுவும் மனத்தைத் திடப்படுத்துவதால் மட்டும் நீங்குவதன்று. முன்னதற்கு ஊதியம் வேண்டும்; பின்னதற்கு எதிரில் இருப்பவரும் இசைய வேண்டும். ஆகவே கவலையின் கேடு அதன் நீளத்தில் உள்ளது. அந்நீளத்தைக் குறைத்தல் பெரும்பாலும் பிறர் கையில் உள்ளது.

அதே குழுவினர் 1997-இல் கண்ட மற்றொன்றும் கருதத்தக்கது. பெற்றோர், நண்பர், அயலார், உடன் பணிபுரிவோர், குழுவினர் எனப் பலவகை உறவும் உடையோரைவிட, ஒன்று முதல் மூன்று வகை உறவே உடையோர் தடிமனுக்கு ஆளாகும் நிலை நான்கு மடங்கிற்கும் சற்று மேலாக இருந்தது. உறக்கத்தின் பெருமையும் சிறியதன்று. 153 பேரை நோக்கி 2009-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஏழு மணிக்குக் குறைவாக உறங்கினோர், எட்டு மணியும் அதற்கு மேலும் உறங்கினோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எளிதில் தடிமனுற்றனர். இரவெல்லாம் விளக்கெரித்துப் படித்தேன் என்று பெருமை பேசும் நம் விடுதி வழக்கத்தை இவ்வெண்ணோடு ஒட்டிப் பார்த்தல் நன்று. கைப்பேசியோடு விழித்திருந்துவிட்டு அதனையும் படிப்பின் கணக்கில் எழுதுவாரைப் பற்றி யாம் ஒன்றும் கூறோம்!

கல்லூரியை நடத்தும் பெரியோர்க்கும் யாம் பணிவுடன் விண்ணப்பிப்பன சில உள. தேர்வு வேண்டா என்பது எம் கருத்தன்று. குறுகிய நெருக்கடி கேடு செய்வதில்லை எனக் கண்டோம். அது மாணவனைத் தட்டி எழுப்பவும் கூடும். உள்தேர்வுகள், கட்டுரைகள், செய்முறைகள் யாவும் ஒரே சில கிழமைகளில் வந்து குவியாமல், பருவம் முழுதும் பரவி நிற்பின், ஒவ்வொரு நெருக்கடியும் வந்து தீர்ந்து மூச்சுவிட இடம் உண்டாகும். கட்டணத்தைத் தவணையாக ஏற்றலை நாம் இதுகாறும் இரக்கச் செயல் என்றே எண்ணிவந்தோம். தம் குடியில் முதன்முதற் கல்லூரி வாயில் மிதித்த மாணவன் ஒருவனுக்கு அது ஆண்டு முழுதும் துரத்தும் நாயைக் கட்டிப்போடுதலை ஒக்கும். ஆதலின் அதனை உடல்நலக் காப்பாகவும் கொள்ளல் வேண்டும்.

நமக்குள் நாம் செய்யத்தக்கதும் உண்டு. தந்தை நோயுற்றமையால் பத்து நாள் ஊர் சென்று மீண்ட நண்பனிடம் 'தைரியமாயிரு' என்று சொல்லி நகர்வதினும், அப்பத்து நாட் குறிப்புகளைப் படியெடுத்து அவன் மேசைமேல் வைத்தல் மேல். உணவுக்கூடத்தில் தனித்து உண்பவன் அருகே சென்று அமர்தல் மேல். பிணக்குற்ற இருவரைத் தேர்வுக்கு முன்னே ஒன்றுகூட்டுதல் மேல். இவை சிறு செயல்களே. ஆயினும் சுமையின் நீளத்தை ஒரு சாணேனும் குறைப்பன இவையே.

இல்லத்திலும் இவ்வாறே. மூப்பால் நினைவிழந்த பாட்டியையோ, படுக்கையுற்ற பாட்டனையோ பேணும் பொறுப்பு நம் வீடுகளிற் பெரும்பாலும் ஒரு பெண்மணியின் தோளிலேயே விழுகின்றது. தாயோ, அண்ணியோ, அத்தையோ அவர். அவருடைய பொறுமையைப் புகழ்வதில் நாம் வல்லவர். அப்புகழ் அவர் உடம்பைக் காவாது. விடுமுறையில் வீடு செல்லும் மைந்தர், ஒருநாள் இரவேனும் அவரை உறங்கச் சொல்லித் தாம் விழித்திருக்கலாம். மருந்து கொடுக்கும் முறையைக் கேட்டறிந்து, வாரத்தில் இரண்டு நாள் அவரை வெளியே செல்ல விடலாம். ஆறாதிருந்த காயத்தின் ஒன்பது நாட்கள் இவ்விரவுகளில் ஒளிந்திருக்கக் கூடும்.

அரணைக் காப்பது மதிலுள் நிற்கும் மறவனின் வீரம் மட்டும் அன்று. அவனுக்கு உணவும், மாற்றுக் காவலும், ஓய்வும் அனுப்புவோர் இருத்தல் வேண்டும். அவை வராத கோட்டை, எத்துணை வீரன் நிற்பினும், முற்றுகை நீளுந்தோறும் தளரும். நம் நண்பரும் உற்றாரும் நிற்கும் கோட்டைகளுக்கு அவற்றைக் கொண்டுசெல்வோர் நாமாக இருத்தல் வேண்டும். 'கவலைப்படாதே' என்று மதிலுக்குப் புறத்தே நின்று கூவுதலை விடுத்து, 'இவ்விரவு காவல் என்னுடையது' என்று உட்புகுவோமாக.